பெத்தானியா வீட்டு வெறுங்கதிரை

கோப்பாயிலே, பருத்தித்துறை வீதியை விட்டு உள்ளே திரும்பும் செம்மண் ஒழுங்கையின் முடிவில், ‘பெத்தானியா’ என்று சீமெந்தில் பெயர் பொறித்த மாடிவீடு ஒன்று நிற்கிறது. வேதாகமத்தில் வரும் பெத்தானியா விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற ஊர். வீட்டுக்கு அப்பெயரைச் சூட்டியவர் வேதாகமத்தை நன்றாக வாசித்தவர். வாசித்தபடி நடக்கவும் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பேய்வீட்டுக்கு வேண்டிய இலட்சணங்கள் யாவும் அவ்வீட்டுக்கு உண்டு. வாசலை மறைக்கும் கிழட்டு மாமரங்கள், மாலையானதும் அவற்றிலிருந்து கிளம்பும் வௌவால்கள், ஷெல் விழுந்து பாதி இடிந்தபின் பலகை அடித்து மூடப்பட்ட மேல்மாடி, மிதித்தால் முனகும் படிக்கட்டு. இத்தனை இருந்தும் அங்கே பேய் இல்லை என்பது வீட்டுக்காரரின் உறுதியான கொள்கை. மூன்று தலைமுறையாக மிஷன் பாடசாலைகளுக்குத் தலைமையாசிரியர்களையும் சபைக்கு மூப்பர்களையும் வழங்கிய குடும்பம் அது. பேய் என்பது படியாதவர்களுக்குத் தெரிவது. படித்தவர்களுக்குத் தெரிந்தாலும் அஃது அவர்களுடைய கண்ணின் குற்றம்.

அந்த வீட்டுக்குத்தான், தை பிறந்த கையோடு, ஜெயனி ஓட்டோவில் வந்து இறங்கினாள். வயது பதினேழு. தந்தை ஜெபசீலன் பெத்தானியாவின் கடைசி மகன். தென்மராட்சியில் சைவக் கமக்காரர் வீட்டுப் பெண்ணான தயாளினியை மணந்த நாளிலிருந்து அவருடைய பெயர் இவ்வீட்டுக் குடும்ப ஜெபத்தில் உச்சரிக்கப்படுவதில்லை. யுத்தத்தின் கடைசி ஆண்டில் அவர் இறந்தபோது ஜெயனி கைக்குழந்தை. சென்ற ஐப்பசியில் தாயும் புற்றுநோயில் போய்விட்டாள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த கெல்வின் போதகர், இவள் சபை மூப்பர் ஏர்னெஸ்டின் தம்பி மகள் என்று எப்படியோ அறிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு ஆராதனையில், அநாதைப் பிள்ளைக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட ஏர்னெஸ்ட் ஐயாவுக்காகக் கர்த்தருக்கு நன்றி கூறினார். கதவு திறக்கப்படுமுன்பே நன்றி கூறப்பட்டுவிட்டதால், அதைத் திறப்பதைத் தவிர ஏர்னெஸ்டுக்கு வேறு வழி இருக்கவில்லை.

“வந்திட்டியோ?” என்றார் பெரியம்மா சுகிர்தம். “செருப்பை வெளியிலை கழட்டு. பெட்டி இவ்வளவுதானோ?”

“ஓம் பெரியம்மா.”

“நல்லது. அறையிலை இடமிருக்கும்.”

மத்தியானம் சாப்பாட்டறையில் ஜெயனியின் கையில் ஒரு செம்பு கொடுக்கப்பட்டது. பெரியவர்கள் மேசையில் இருந்து சாப்பிடும்போது வளர வந்த பிள்ளை பின்னால் நின்று தண்ணீர் வார்ப்பதும், பிறகு குசினிக்குள் போய்ச் சாப்பிடுவதும் அந்த வீட்டின் பழைய ஒழுங்கு. பெரியப்பா ஏர்னெஸ்ட் மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். அவருக்கு நேரெதிரே, மேசையின் மறுகோடியில், பிரம்பு பின்னிய கதிரை ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதன் மேலே சுவரில் சட்டமிட்ட எழுத்து: இவ்வீட்டின் ஒவ்வொரு பந்தியிலும் கர்த்தர் கண்காணாத விருந்தாளியாக இருக்கிறார் என்பது அதன் பொருள். அந்தக் கதிரை அவருக்கு உரியது. ஆகவே அதில் யாரும் உட்காருவதில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து திரும்பியபோது, பெத்தானியாவின் கதவுகள், யன்னல்கள், கூரை ஓடுகள், கிணற்றுக் கப்பி முதலான யாவும் களவு போயிருந்தன. அந்தக் கதிரை மாத்திரம் வைத்த இடத்தில் இருந்தது. கள்வரின் தெய்வபக்தியை ஏர்னெஸ்ட் இன்றும் மெச்சிக்கொள்வார்.

ஜெயனி பெரியம்மாவின் பின்னால் போய் நின்றபோது, வெறுங்கதிரையின் பின்னால் இன்னொரு பெண்பிள்ளை நிற்பதைக் கண்டாள். தன்னைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கலாம். ஆனால் பார்வையில் ஏதோ ஒரு மூப்பு. நிறம் மங்கிய நீளச் சட்டை, எண்ணெய் காணாத தலை, கையில் ஒரு செம்பு. ‘நல்லதாய்ப் போயிற்று, துணைக்கு ஆள் இருக்கிறது’ என்று எண்ணி ஜெயனி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. பொரித்த விளைமீனைப் பார்த்தபடி நின்றாள்.

குசினிக்குள் ஜெயனியின் தட்டில் சோற்றைப் போட்ட பெரியம்மாவிடம் அவள் இயல்பாகக் கேட்டாள்:

“மற்றப் பிள்ளைக்கும் போடட்டோ, பெரியம்மா?”

அகப்பை கீழே விழுந்தது.

“இஞ்சை பார்,” என்றார் சுகிர்தம், குரலைத் தாழ்த்தி. “இது வேதக்கார வீடு. பேய், பிசாசு, கண்ணூறு எண்டு ஒரு கதையும் இஞ்சை கதைக்கப்படாது. இன்னொருக்கா உன்ரை வாயிலை வந்துதெண்டால், கொழும்பிலை என்ரை மச்சாள் வீட்டிலை கைப்பிள்ளை பாக்க ஆள் தேடினம், அங்கை அனுப்பிப் போடுவன். படிப்பும் கிடிப்பும் அதோடை சரி. விளங்கிச்சுதோ?”

ஜெயனிக்கு நன்றாக விளங்கிற்று. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. தாய் கடைசியாகத் தன் கையைப் பிடித்துக் கேட்டதும் அந்தப் பரீட்சையைப் பற்றித்தான். தென்மராட்சியில் மாமன் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர் இரண்டு அறைகளில் படுக்கிறார்கள். இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. ஆகையால் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியம்மா ‘எந்தப் பிள்ளை?’ என்று கேட்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

அதன்பின் ஜெயனி கவனிக்கத் தொடங்கினாள். பேய்களுக்கு என்று உலகம் வகுத்திருக்கும் கடமைகளில் ஒன்றையேனும் அந்தப் பெண் செய்யவில்லை. கூந்தலை விரித்து அலறவில்லை, கதவை அறையவில்லை, நள்ளிரவில் நடமாடவில்லை. பட்டப்பகலில், மூன்று வேளையும், மணியடித்தாற்போல வந்து செம்போடு நின்றாள். பெரியப்பா இருமினால் தண்ணீர் வார்க்க ஓரடி முன்னே வைத்து, பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் போலப் பின்வாங்கினாள். இத்தனை ஒழுக்கமுள்ள பேயை எந்த ஊரிலும் காண்பது அரிது.

அவளைவிட அதிசயமானவர்கள் வீட்டுக்காரர். பெரியப்பா அந்தத் திசையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்; மீன் முள் தொண்டையில் சிக்கினாலும் பத்திரிகை இறங்காது. பெரியம்மா கறிச்சட்டியைப் பார்த்தே பேசினார். ரொறன்ரோவிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் முகம் காட்டினால், கதிரை தெரியாதபடி கைப்பேசியைச் சுவரோரம் திருப்பிக்கொள்வார். பார்க்காதிருப்பதில் அவ்விருவரும் பெற்றிருந்த தேர்ச்சிக்கு ஒரு பட்டமே வழங்கலாம்.

அடுத்த வளவுக்காரியான செல்வநாயகி வெங்காயத் தறைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலால் ஜெயனியைக் கூப்பிட்டாள். எழுபதைத் தாண்டியும் அவளுடைய நாக்குக்கு இளைப்பு வந்ததில்லை.

“என்ன மோனை, வீடு பிடிச்சிருக்கோ?”

“ஓம் மாமி.”

“பொய் சொல்லாதை. அந்த வீட்டை ஆருக்கும் பிடிச்சதில்லை. பாதி வீடு தானும் இருக்கமாட்டன் எண்டு இடிஞ்சு போச்சு.”

ஜெயனி திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: “மாமி, சாப்பாட்டு மேசையடியிலை ஒரு பிள்ளை நிக்குது.”

செல்வநாயகி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். “இன்னும் நிக்கிறாளோ!”

“ஆர் மாமி அது?”

“மக்டலீன். பருத்தித்துறைப் பிள்ளை. அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளியிலை தேப்பனும் தமையன்மாரும் கடலோடை போயிட்டினம். தாய் அந்த ஏக்கத்திலை போயிட்டா. உன்ரை அப்பம்மா வளர்க்கவெண்டு கூட்டிக்கொண்டு வந்தவ. வேதக் கோயிலிலை ‘இது எங்கடை பிள்ளை’ எண்டு நாலு பேருக்குக் காட்டுவா. வீட்டிலை எங்கடை பிள்ளை செம்போடை நிப்பாள். நான் அப்ப சின்னன். இந்த வேலியாலைதான் ரெண்டு பேரும் கதைக்கிறனாங்கள்.”

“என்ன நடந்தது?”

“அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டண்டு நெருப்புக் காய்ச்சலோடை நிண்டவள். வந்த ஆக்களிலை ஆரோ, ‘ஏன் இந்தப் பிள்ளை நடுங்குது?’ எண்டு கேட்டிருக்கினம். ‘பெரிய ஆக்களைக் கண்ட கூச்சம்’ எண்டு உன்ரை அப்பம்மா சொன்னாவாம். பந்தி முடியுமட்டும் நிண்டாள். அடுத்த கிழமை சவக்காலையிலை வைச்சாச்சு. பேந்து அந்தக் கதிரையிலை இருந்தவையெல்லாம் குளிருது, குளிருது எண்டு எழும்பிச்சினம். உன்ரை அப்பம்மா லேசுப்பட்ட ஆளே? சுவரிலை ஒரு எழுத்தைக் கொண்டுவந்து கொளுவி, கதிரையைக் கர்த்தருக்கு எழுதிக் குடுத்திட்டா.”

“ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?”

“எங்கடை வீடெண்டால் எட்டாம் நாளே மீனும் இறைச்சியும் படைச்சு, ‘வடிவாச் சாப்பிட்டிட்டுப் போ மோளே’ எண்டு அனுப்பியிருப்பம். வேதக்காரர் என்ன செய்வினம்? பேய் இருக்கெண்டு ஒத்துக்கொண்டால்தானே அனுப்பலாம்?” என்றாள் செல்வநாயகி. பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, “நல்ல பிள்ளை மோனை. நல்லாச் சிரிப்பாள்,” என்றாள்.

ஜெயனி தாய்வழி முறையில் முயன்று பார்த்தாள். பெரியம்மா ஆராதனைக்குப் போயிருந்த சமயம் குசினி மூலையில் வாழையிலை விரித்து, சோறும் மீன் குழம்பும் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது இலை துப்புரவாக இருந்தது; பக்கத்தில் வீட்டுப் பூனை வாயை நக்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் மக்டலீன் வழக்கம்போல் வந்து நின்றாள். அவளுக்கு வேண்டியது சோறு அன்று.

வேண்டியது எது என்பது மின்சார மீற்றர் பார்க்க வந்த இளைஞனால் தெரியவந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் உள்ளே எட்டிப்பார்த்தபோது பெரியப்பா, “வாரும் தம்பி, இரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்,” என்றார். உட்காரச் சொல்லும் ‘இரும்’ என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் மக்டலீன் சட்டென்று தலை நிமிர்ந்தாள். அவ்வளவு நாளில் அவள் மீனை விட்டு வேறெங்கும் பார்த்ததை ஜெயனி கண்டதில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள், சொன்னது தனக்கு அன்று என்று கண்டாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

அந்தச் சொல்லுக்கு ஜெயனியின் தலையும் நிமிர்ந்திருந்தது.

பங்குனியில் அறுப்பின் பண்டிகை வந்தது. முன்தினம் பெரியம்மா கோழியை மஞ்சள் பூசிக் கழுவிக்கொண்டே சொன்னார்: “நாளைக்குப் போதகரும் மூப்பர்மாரும் சாப்பிட வருகினம். மரியாதையா நிண்டு பரிமாறு. நீ இஞ்சை இருக்கிறதோ, கொழும்புக்குப் போறதோ எண்டதை நாளைக்கு உன்ரை வாய்தான் தீர்மானிக்கும்.”

மறுநாள் மேசை நிறைந்தது. கோழிக்கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. விருந்தினர் எல்லாரும், மூப்பர்மாரின் மனைவியரும் உட்பட, மேசையில் அமர்ந்தனர். பெரியம்மாவின் பின்னால் ஜெயனியும், வெறுங்கதிரையின் பின்னால் மக்டலீனும் நின்றனர். மக்டலீன் நடுங்கிக்கொண்டிருந்தாள். மற்ற நாள்களில் அவள் நடுங்கியதில்லை.

கெல்வின் போதகர் இளையவர். இந்த வீட்டில் முதன்முறையாகச் சாப்பிடுபவர். சுற்றிலும் பார்த்துவிட்டு, “என்ன இது, ஒரு கதிரை சும்மா கிடக்குது, ஒரு பிள்ளை நிக்குது!” என்று சிரித்தார். “ஜெயனி, வாரும். இதிலை வந்து இரும்.”

“அது வேண்டாம், போதகர்!” என்றார் ஏர்னெஸ்ட். குரல் சற்று உரத்துவிட்டது.

“அது கர்த்தருக்கு விட்ட கதிரை,” என்றார் சுகிர்தம் அவசரமாக.

“ஐயோ அம்மா, அநாதைப் பிள்ளையை நிக்கவைச்சுப்போட்டுக் கர்த்தர் இருப்பாரே? அவர் எழும்பி இடம் விடுவார். வாரும் பிள்ளை, யோசியாதையும்.”

ஜெயனி செம்பை மேசையில் வைத்தாள். வெட்டவெளிச்சமான உண்மை ஒன்றே: இத்தனை நாளும் அவள் வேண்டியிருந்த சொல் அதுதான். போதகர் சொன்ன பின் பெரியம்மாவால் தடுக்க இயலாது. இன்று அந்தக் கதிரையில் இருந்துவிட்டால், சபை முழுவதும் பார்க்க இந்த மேசையில் அவளுக்கு ஓர் இடம் எழுதப்பட்டுவிடும். கொழும்பு இல்லை, கைப்பிள்ளை இல்லை, பரீட்சை எழுதலாம். கதிரையடிக்குப் போனாள். பிரம்பில் கை வைத்தாள். குளிர்ந்தது. நிமிர்ந்தபோது மக்டலீனின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதில் கோபம் இல்லை, பொறாமை இல்லை. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். யாருக்கேனும் வழிவிட்டே பழகிய பிள்ளை.

ஜெயனி கையை எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு முதல் இவ நிக்கிறா, ஐயா,” என்றாள். “கனகாலமா நிக்கிறா. முதல் இவவை இருக்கச் சொல்லுங்கோ.”

“ஆரை, பிள்ளை?”

“மக்டலீனை.”

மூப்பர் ஒருவரின் கையிலிருந்த இறால் சொதிக்குள் விழுந்தது.

“பிள்ளைக்குக் காய்ச்சல், போதகர்,” என்று எழுந்தார் சுகிர்தம். “வெயிலுக்குள்ளாலை போய் வந்தவள். நாளைக்குக் கொழும்புக்கு அனுப்புறம், நல்ல டொக்டர்மார் இருக்கினம். இஞ்சருங்கோ, சொல்லுங்கோவன்!”

அன்று பண்டிகை நாளானபடியால் ஏர்னெஸ்டின் கையில் பத்திரிகை இல்லை. முகத்தை மறைக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. பத்து வயதில் இந்த மேசையில் இருந்து, நடுங்கி நின்ற அவளைப் பார்த்ததற்குப் பின், இப்போதுதான் நேராகப் பார்த்தார். கதிரையைப் பின்னே தள்ளி எழுந்தார். அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்றை எடுத்தார். சோறு போட்டார்; கோழிக்கறி வைத்தார்; ஒரு கணம் யோசித்து, இறாலில் பெரியதைத் தேடி எடுத்து வைத்தார். தட்டை மேசையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கதிரையை இழுத்தார்.

“இரு மக்டலீன்,” என்றார். “இருந்து சாப்பிடு.”

பிரம்பு மெல்ல முனகிற்று. வெறுங்கதிரையின் நடுப்பகுதி, ஒரு பிள்ளையின் பாரத்துக்கு எவ்வளவு தாழுமோ, அவ்வளவு தாழ்ந்தது. அதை எல்லாரும் கண்டார்கள்.

கெல்வின் போதகர் கண்களை இறுக மூடிக்கொண்டு, “ஜெபிப்போம்,” என்றார். நம்பாத ஒன்றைக் காணாதிருப்பதற்கு அதனிலும் மேலான வழி இல்லை. மூப்பர்மாரும் மனைவியரும் அவ்வளவு பக்தியோடு அதற்குமுன் கண்களை மூடியதில்லை. உலக சமாதானம், வெங்காயத்தின் விலை, வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் என்று எதையும் விடாமல் ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. கண்ணைத் திறந்திருந்தவர்கள் மூவர்தாம்: ஏர்னெஸ்ட், ஜெயனி, மக்டலீன். மக்டலீன் தட்டைத் தொடவில்லை. ஒரு கையை மேசைமேல் வைத்து, மற்றக் கையை மடியில் வைத்து, சபையில் இருப்பவள் போல நிமிர்ந்து இருந்தாள். பிறகு ஜெயனியைப் பார்த்துச் சிரித்தாள். செல்வநாயகி சொன்னது மெய்தான், நல்ல சிரிப்பு.

‘ஆமென்’ சொல்லிக் கண்களைத் திறந்தபோது பிரம்பு மட்டமாக இருந்தது. கடைசியில் வரும் இனிப்பான புடிங்குக்கு யாரும் காத்திருக்கவில்லை. அவரவருக்கு அவசர அலுவல்கள் நினைவுக்கு வந்தன. நடந்ததைப் பற்றி அந்தச் சபையில் இன்றுவரை எவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, படித்த சபை.

எல்லாரும் போனபின் ஜெயனி தன் பெட்டியை அடுக்கினாள். சொல்லக்கூடாததைச் சொல்லியாயிற்று. இனிக் கொழும்புதான். கதவடியில் நிழல் தட்டியது, சுகிர்தம் நின்றார்.

“என்ன செய்யிறாய்?”

“கொழும்புக்கு…”

“அறவே வேண்டாம்!” என்றார் சுகிர்தம். முகம் வெளிறியிருந்தது. “உன்னை அழப்பண்ணி அனுப்பி, அங்கை உனக்கு ஒண்டு நடந்து, பேந்து நீயும் வந்து கதிரைக்குப் பின்னாலை நிண்டால், நான் என்னடி செய்யிறது? ஒராளே இந்த வீட்டுக்குப் போதும். பெட்டியை உள்ளை வை. வா, வந்து மேசையிலை இருந்து சாப்பிடு. வயிறு நிறையச் சாப்பிடு. மனக்குறை ஒண்டும் இருக்கப்படாது, சொல்லிப்போட்டன்.”

அன்பு செய்யாததை அச்சம் செய்து முடித்தது.

இப்போது ஜெயனி மேசையில்தான் சாப்பிடுகிறாள். படிப்பதற்குப் புதிய மின்விளக்கும் கிடைத்திருக்கிறது. வெறுங்கதிரையின் முன்னே நாள்தோறும் ஒரு பீங்கான் தட்டு வைக்கப்படுகிறது. ஏர்னெஸ்ட் பத்திரிகை விரிப்பதை விட்டுவிட்டார். ஆயினும் சாப்பாட்டு நேரத்தில் அவர் கண்கள் தம் தட்டை விட்டு எழுவதில்லை. ஒருமுறை பார்த்தது அவருக்குப் போதும். சுகிர்தமோ அந்தப் பக்கம் பார்க்காமலே ஆயுளைக் கழித்தவர். பழக்கத்தை மாற்ற இனி இயலாது.

“வந்திட்டாவோ?” என்று கறிச்சட்டியிடம் கேட்பார் அவர்.

ஜெயனி நிமிர்ந்து பார்ப்பாள். பண்டிகைக்குப் பின் அங்கே ஒருவரும் இல்லை. கதிரை இருக்கிறது, அதன் பின்னே சுவர் இருக்கிறது.

“ஓம் பெரியம்மா. இருக்கிறா.”

“முகம் எப்பிடி?”

“பரவாயில்லை,” என்பாள் ஜெயனி, சற்று யோசித்து. “ஆனால் என்ரை தட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா.”

சுகிர்தம் தலை நிமிராமலே, விளைமீனின் நடுத்துண்டை எடுத்து ஜெயனியின் தட்டில் வைப்பார்.